நாம் போற்றும் குமாஸ்தா

நம் சங்கத்தின் பொங்கல் விழாவையொட்டிச் சிறுவர் சிறுமியர்க்குக் கட்டுரைப் போட்டி நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். இவ்வாண்டுத் தலைப்பு, “நான் போற்றும் பெருமகன்” என்பது. வந்த கட்டுரைகளைப் படித்துப் பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் செயலாளர் நம்மிடம் ஒப்படைத்தார். நாம் புலவர் அல்லோம், பட்டதாரியும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதிக் குடும்பம் நடத்துபவர். “உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும், ஆகையால் தமிழும் நன்றாகத்தான் இருக்கும்” என்று செயலாளர் சொன்ன காரணம் நமக்கு முற்றும் விளங்கவில்லை. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை.

வந்த கட்டுரைகள் 17. பள்ளியில் இந்தியும் வங்காளியும் ஆங்கிலமும் பயின்று, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் நம் சங்கக் கட்டடத்தில் தமிழ் எழுதிப் பழகும் குழந்தைகள் அவர்கள். றகர ரகரங்களும் ளகர ழகரங்களும் இடம் மாறிக் கிடந்தன. அதை நாம் பிழையாகக் கொள்ளவில்லை. பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழும் வீட்டில் ஒரு குழந்தை இரண்டு பக்கம் தமிழில் எழுதியதே பெரிது என்று மகிழ்ந்தோம்.

ஆனால் ஐந்தாறு கட்டுரைகளைப் படித்ததும் ஒரு சோர்வு தோன்றிற்று. காந்தியடிகளைப் பற்றி ஆறு பேர் எழுதியிருந்தனர். அப்துல் கலாம் அவர்களைப் பற்றி நால்வர். பாரதியாரைப் பற்றி மூவர். எஞ்சிய நால்வர் கிரிக்கெட் வீரர்களைப் பற்றி. எல்லாரும் “எளிய குடும்பத்தில் பிறந்தார்”; எல்லாரும் “அயராது உழைத்தார்”; எல்லாரும் “உலகமே வியக்கும் வண்ணம் உயர்ந்தார்”; எல்லாரும் “நம் நெஞ்சில் என்றும் வாழ்கிறார்”. காந்தியடிகளுக்கு உரிய சொல் கிரிக்கெட் வீரருக்கும் பொருந்தியது. கவிஞருக்கு உரிய சொல் விஞ்ஞானிக்கும் பொருந்தியது. ஒரே சட்டையைப் பதினேழு பேருக்கும் மாட்டிவிட்டதுபோல் இருந்தது.

ஏழாம் வகுப்பில் பயிலும் நம் மகள், தகப்பனார் நடுவராக இருப்பதால் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. அந்தக் குறை அவளுக்கு உண்டு. நாம் முணுமுணுப்பதைக் கேட்டு அருகில் வந்தவள், ஒரு தாளை எடுத்து, அதில் பெயர் வரும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, “இது யாரைப் பற்றி என்று சொல்லுங்கள் அப்பா” என்றாள். நம்மால் சொல்ல முடியவில்லை. அடுத்த தாளிலும் அவ்வாறே. பிறகு, “பிள்ளைகளைக் குறை சொல்கிறீர்களே, நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அன்றிரவே எழுத உட்கார்ந்தோம்.

முதல் முயற்சி

நாம் யாரைப் பற்றி எழுதுவது என்பதில் ஐயமே எழவில்லை. இளமை தொட்டு நம் உள்ளத்தில் இடம் பெற்றவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கணிதத்தில் நமக்குக் கூட்டலும் கழித்தலும் தவிர வேறொன்றும் தெரியாது. அவர் கண்ட சூத்திரங்களுள் ஒன்றேனும் நமக்கு விளங்குமென்று சொன்னால் அது பொய். எனினும் அவர் ஒரு குமாஸ்தா, நாமும் குமாஸ்தா. அவர் வேலைக்கு மனுப் போட்டபோது காட்டிய தகுதி மெட்ரிகுலேஷன் தேறியது. நம் தகுதியும் அதுவே. இந்த உறவு போதாதா?

ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் நிறைந்தது. மகளிடம் கொடுத்தோம். அவள் முன்போலவே கட்டைவிரலை வைத்து மறைத்துப் படித்தாள். “எளிய குடும்பத்தில் தோன்றிய இப்பெருமகன், வறுமையிற் செம்மையாய் வாழ்ந்து, தம் அறிவொளியால் பாரெங்கும் புகழ் பரப்பினார்” என்று உரக்கப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தாளை நம்மிடமே தந்தாள். நம் முகம் சுருங்கியதைக் கண்ட நம் இல்லாள், அடுக்களையிலிருந்து, “அவர் என்ன சாப்பிட்டார், எதில் எழுதினார், எங்கே படுத்தார் என்று எழுதினால் அல்லவா ஆளைத் தெரியும்?” என்றார்.

அந்த ஒரு சொல்லே நமக்கு ஆசிரியராயிற்று. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினோம்.

முழங்கையும் கற்பலகையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தையார் ஒரு துணிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர். கோபுரத்தை நோக்கிய அத்தெருவில் அச்சிறிய வீடு இன்றும் நினைவில்லமாகக் காக்கப்பட்டு வருகிறது.

காகிதம் விலைமிக்க பொருளாயிருந்த வீடு. ஆகவே அவர் கணக்கிட்டது கற்பலகையில். பலகை நிறைந்தவுடன் துணி தேடித் துடைப்பதற்குப் பொறுமை இல்லை, முழங்கையாலேயே துடைப்பார். மீண்டும் எழுதுவார், மீண்டும் துடைப்பார். அதனால் அவருடைய முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்ததென்பர். முடிவை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். வழி பலகையோடு அழிந்தது. விடை மட்டும் நின்றது. அவ்விடைகளுக்கு வழி கண்டுபிடிக்கும் வேலையில் உலகக் கணித அறிஞர்கள் பின்னர்ப் பல்லாண்டுகள் ஈடுபட்டனர்.

“உலகப் புகழ் பெற்ற மேதை” என்று நாம் முதலில் எழுதியிருந்த இடத்தில் இப்போது ஒரு கறுத்த முழங்கை இருந்தது. மகள் அதைப் படித்துவிட்டுத் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எழுத்து உயிர் பெறுவது அவ்விடத்தில்தான் என்று நாம் உணர்ந்தோம். புகழ்ச்சொல் நூறு அடுக்கினாலும் படிப்பவர் தம் முழங்கையைத் தொட்டுப் பார்க்கமாட்டார்.

தோல்வியையும் எழுதுக

குழந்தைகள் தம் பெருமகனுக்கு ஒரு குறையும் இருக்கலாகாது என்று எண்ணுகிறார்கள். பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான். ஆனால் இராமானுஜன் கல்லூரியில் தேறாதவர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளத்தை, கணிதம் தவிர்த்த பாடங்களைக் கைவிட்டதால் இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், எஃப்.ஏ. தேர்வில் அங்கும் வெற்றி கிட்டவில்லை.

உபகாரச் சம்பளம் போன 1905ஆம் ஆண்டில், வீட்டாரிடம் சொல்லாமல் அவர் கிளம்பிச் சென்றுவிட்டார். எங்குச் சென்றார்? விசாகப்பட்டினத்துக்கு! ஆண்டுக்கொரு முறை விடுப்பு எடுத்து, மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நாம் ஊருக்குச் செல்லும் அதே கிழக்குக் கடற்கரைப் பாதையில் உள்ள ஊர் அது. ராஜமுந்திரியில் கோதாவரியின் மேல் 56 கண்களை உடைய பழைய ரயில் பாலம் 1900இல் திறக்கப்பட்டது. அவர் ரயிலில் சென்றிருப்பின், தேர்வில் தவறிய பதினேழு வயதுப் பையனாக, தலைகுனிந்த வண்ணம் அப்பாலத்தைக் கடந்திருக்க வேண்டும். 1997இல் அப்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இன்று புதிய பாலத்தின் மேல் நம் வண்டி செல்லும்போது பழைய பாலம் பக்கத்தில் வெறுமையாய் நிற்பதைக் காணலாம். அடுத்த முறை அவ்வழியே செல்லும் அன்பர்கள் சாளரத்தருகே குழந்தைகளை உட்கார வைத்து, இதனைச் சொல்லிக் காட்டுவார்களாக.

இதை எழுதியபோது நம் பழைய நினைவொன்றும் எழுந்தது. மேற்படிப்புக்கு வகையின்றி நாம் முதன்முதலில் வடக்கே வண்டியேறிய நாளில், வண்டி கோதாவரியைக் கடக்கையில் பிறர் காசெறிந்து கும்பிட்டார்கள். நாம் மேல்தட்டில் முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிப் படுத்திருந்தோம். பெருமகனைப் பற்றி எழுதும்போது நம் வாழ்வும் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனைத் தடுக்க வேண்டியதில்லை. “நான் போற்றும்” என்று தலைப்பிட்டுவிட்டு, “நான்” என்பவரை வெளியே நிறுத்திவிட்டால் கட்டுரை எப்படி நிறைவு பெறும்?

முப்பது ரூபாய்ச் சம்பளம்

1909இல் அவருக்குத் திருமணம் நடந்தது. வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராயிருந்த இராமசுவாமி ஐயரைத் தம் நோட்டுப் புத்தகத்தோடு சென்று கண்டார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் நிறுவியவர் அவர். பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் பணம் தந்து ஆதரித்தார். பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதில் இராமானுஜனுக்கு விருப்பமில்லை. 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு மனுப் போட்டார். மார்ச்சு முதல் நாள் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக அமர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அக்காலத்தை அவர் துணைவியார் ஜானகியம்மாள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். காலையில் அலுவலகம் செல்லுமுன் கணக்கு. மாலையில் திரும்பியதும் கணக்கு. சாப்பிடுவதற்காக எழுத்தை நிறுத்த மனம் இராது. வீட்டார் சோற்றைப் பிசைந்து கையில் உருட்டி வைப்பார்கள், எழுதுவது நிற்காது. துறைமுகத்தில் வீணாய்க் கிடக்கும் மூட்டை கட்டும் காகிதங்களைக்கூடக் கணக்கெழுத எடுத்துக்கொள்வார் என்பர்.

நாமும் அலுவலகக் காகிதத்தின் பின்புறத்தில் எழுதுகிறவர்களே. ஆனால் மளிகைக் கடைக் கணக்கைத்தான் எழுதுகிறோம்.

மற்றொரு குமாஸ்தா

இங்கே நம் பேனா வேறொருவரிடம் திரும்பியது. அவ்வலுவலகத்தில் இராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்தவர் நாராயண ஐயர். எம்.ஏ. பயின்றவர், திருச்சி ஜோசப் கல்லூரியில் முன்பு கணித ஆசிரியராயிருந்தவர். தமக்குக் கீழே முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் வந்து சேர்ந்த இளைஞர், பேரேட்டின் மறைவில் வேறேதோ எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரியாமல் இராது. நம் போன்றவர்கள் என்ன செய்திருப்போம்? “அரசாங்க நேரத்தில் சொந்த வேலையா?” என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருப்போம்.

நாராயண ஐயர் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்தார். திருவல்லிக்கேணியில் தம் வீட்டில், வேலை முடிந்த இரவுகளில், இருவரும் ஆளுக்கொரு கற்பலகையோடு கணக்கிட்டனர். இராமானுஜன் பத்துப் படிகளைத் தாண்டி ஒரே தாவலில் விடைக்குச் சென்றுவிடுவார். நாராயண ஐயர் விடவில்லை. தம் போன்றோருக்கே விளங்காதது வெளியுலகுக்கு எப்படி விளங்கும், இடைப்பட்ட படிகளையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். தம்மினும் மிக்க அறிவுடையவர் தம் கீழ்ப் பணிபுரிகிறார் என்பதை அறிந்தும் பொறாமை கொள்ளாதவர். அத்தோடு நில்லாமல், அவ்வறிவு பிறர்க்கு எட்டும் வழியையும் தேடியவர்.

அவர் அலுவலகத் தலைவரிடமும் இச்செய்தியைக் கொண்டு சென்றார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர். அவரும் இருப்புப்பாதைக்காரர், கோதாவரியின் குறுக்கே ரயில் பாலம் அமைந்த பெரும்பணியோடு தொடர்புடையவர் என்பதை அறிந்தபோது நமக்கு உடல் சிலிர்த்தது. வீட்டை விட்டுக் கிளம்பிய பையனின் வழியில் நின்ற பாலத்துக்கும், அப்பையனை உலகறியச் செய்தவர்களுக்கும் இப்படியொரு தொடர்பு!

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், நண்பர்களின் துணையோடு இராமானுஜன் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறிரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. இக்கடிதத்தின் தொடக்கத்திலேயே, தாம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம் பெறும் ஒரு குமாஸ்தா என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. வயது மட்டும் சுமார் 23 என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 25. அந்தச் சிறு பிழையும் நமக்கு இனிக்கிறது; மேதையும் மனிதரே.

அக்கடிதம் அவர் வாழ்வைத் திருப்பியது. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ என்ற கப்பலில் ஏறினார். பிரியும் வேளையில் நாராயண ஐயர் தம் கற்பலகையைக் கொடுத்து இராமானுஜனின் கற்பலகையை நினைவாக வாங்கிக்கொண்டதாக அக்குடும்பத்தார் கூறியுள்ளனர்.

கம்பளியின் மேல் படுத்தவர்

வெளியூர் வந்த நம் குடும்பங்களுக்கு மிக நெருங்கிய காட்சி இனிமேல்தான் வருகிறது. கேம்பிரிட்ஜில் அந்நாளில் பயின்றவர் வங்காளத்து இளைஞர் மகலநோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர் இவரே. ஒருநாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றவர், இரவில் குளிர் தாங்கவில்லை என்று அவர் வருந்துவதைக் கண்டார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்துக்கொண்டு படுத்தும் குளிர் போகவில்லையாம். படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகிய வண்ணம் இருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை! மேலேயே படுத்திருந்தார். மகலநோபிஸ் சொல்லிக் கொடுத்தார்.

நாம் முதன்முதலாக வடக்கே வந்த குளிர்காலத்தில் ரஜாய் என்பதை விரிப்பென்று எண்ணிக் கீழே போட்டுப் படுத்ததை நம் இல்லாள் இங்கே நினைவூட்டினார். அடுத்த வீட்டு வங்காளி அம்மையார் சிரித்துக்கொண்டே வந்து போர்த்திக் காட்டினார். புதிய ஊரில் ஒருவர் அறியாதது கம்பளியாயிருக்கலாம், மொழியாயிருக்கலாம், கடைத்தெருவாயிருக்கலாம். ஏளனம் செய்யாமல் சொல்லித் தரும் ஓர் அண்டைவீட்டார் கிடைப்பது பெரும் பேறு.

சைவ உணவுக்காரராதலால் தாமே சமைத்து உண்டார். 1914இல் மூண்ட உலகப் போரினால் காய்கறியும் பிறவும் கிடைப்பது அரிதாயிற்று. 1917இல் நோய்வாய்ப்பட்டு மருத்துவ நிலையங்களில் கிடந்தார். அங்கே காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூற, நோயாளி உடனே மறுத்தார்: இரண்டு எண்களின் கனங்களைக் கூட்டி இருவேறு வகையில் பெறத்தக்க மிகச் சிறிய எண் அது. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729; ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729. நம் மகள் உடனே தாளில் போட்டுப் பார்த்து, “சரியாக இருக்கிறது அப்பா!” என்றாள். இராமானுஜன் கண்டவற்றுள் எம் வீட்டார் சரிபார்க்க இயன்றது இது ஒன்றே.

1918இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், டிரினிடிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 32. படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களிலும் எழுதினார். அத்தாள்கள் பல்லாண்டுகள் மறைந்து கிடந்து, 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன.

இவ்வளவில் கட்டுரையை முடித்து விளக்கை அணைக்க எழுந்தோம். அப்போது இல்லாள், “அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள்?” என்று கேட்டார். நாம் அதை எழுதவே இல்லை.

ஜானகியம்மாள் இருபத்தொரு வயதில் கணவரை இழந்தார். பின்னர் நம்மைப் போலவே வெளியூர் சென்றவர் அவர். பம்பாயில் இருந்த தம் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் தங்கித் தையற்கலை பயின்றார். சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து தம் வாழ்வைத் தாமே நடத்தினார். ஒரு சிறுவனை வளர்ப்பு மகனாக ஏற்று ஆளாக்கினார். தம் கணவருக்கு ஒரு சிலை இல்லையே என்ற அவருடைய குறையை அறிந்து, பல நாட்டுக் கணித அறிஞர்கள் பொருள் திரட்ட, பால் கிரான்லண்டு என்ற அமெரிக்கச் சிற்பி வடித்த மார்பளவுச் சிலை 1980களின் நடுவில் அவரிடம் வந்து சேர்ந்தது. 1994இல் அவர் மறைந்தார். கணவரின் மறைவுக்குப்பின் 74 ஆண்டுகள்! இரவிக்கை தைத்துத் தந்து வீட்டுச் செலவுக்கு உதவும் நம் இல்லாள், தையல் இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு இதனைக் கேட்டார். “உங்கள் கட்டுரையில் இதுதான் எனக்குப் பிடித்தது” என்றார்.

மேசை அறையில் இருந்த குறிப்பு

இனி நாம் சொல்வது நம் குற்றம். சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் அலங்காரமாகிவிடும்.

நம் பிரிவில் கோப்புகளைக் கொண்டுவந்து தரும் வேலையில் ஓர் ஒரிய இளைஞன் சில மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்தான். அழைத்தால் உடனே வரமாட்டான். பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் அறையில், அலமாரிக்குப் பின்னால் அமர்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பான். நம் காலடி கேட்டதும் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொள்வான். இருமுறை எச்சரித்தோம். மூன்றாம் முறை அதிகாரிக்கு அனுப்பக் குறிப்பு ஒன்று எழுதி, மேசை அறையில் வைத்திருந்தோம். அவன் வேலை நிரந்தரமாக்கப்படாதது. அக்குறிப்பு மேலே சென்றிருந்தால் அவன் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நாராயண ஐயரைப் பற்றி எழுதும்போது, “நம் போன்றவர்கள் என்ன செய்திருப்போம்?” என்ற வரியில் பேனா நின்றது என்று சொன்னால் அன்பர்கள் நம்புவார்கள். அன்றிரவு நமக்கு உறக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் நண்பகல் இடைவேளையில் அந்த அறைக்குச் சென்றோம். அவன் எழுந்து நின்றான்; முகம் வெளுத்துவிட்டது. “என்ன எழுதுகிறாய்? காட்டு” என்றோம். நடுங்கிய கையோடு கொடுத்தான். அது கணிதமாயிருந்திருந்தால் இக்கட்டுரைக்கு மிகப் பொருத்தமாயிருந்திருக்கும். அது கணிதமன்று, வரலாறு. அஞ்சல் வழியில் பி.ஏ. தேர்வுக்குப் படிக்கிறானாம். தங்கியிருக்கும் அறையில் நால்வர். இரவில் விளக்கு எரிய விடமாட்டார்களாம். கோப்புகள் கொண்டுவரும் நேரத்தில் படிப்பது தவறு என்று சொன்னோம், ஒப்புக்கொண்டான். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் நம் மேசையில் விளக்கடியில் அமர்ந்து படிக்கலாம், நாம் உடனிருந்து அறையைப் பூட்டிச் செல்வோம் என்று சொன்னோம். அதிகாரியிடமும் கேட்டு இசைவு பெற்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மேசை அறையிலிருந்த குறிப்பை நாம் கிழித்துப் போட்டோம். இப்போது கூப்பிட்டால் உடனே வருகிறான். தேர்வு இன்னும் நடக்கவில்லை. அவன் தேறுவான் என்று நாம் வாக்களிக்க இயலாது. இராமானுஜனே தேறவில்லை அல்லவா?

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்

இக்கட்டுரையை எழுதியதில் நாம் கற்றவற்றைப் பெற்றோர்களாகிய அன்பர்களுக்குச் சொல்லி முடிப்போம். உங்கள் குழந்தை ஒரு பெருமகனைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் புகழ்ச்சொற்களை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அவர் கையில் என்ன இருந்தது, காலில் என்ன இருந்தது, எந்த அறையில் எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். முழு வாழ்க்கையையும் இரண்டு பக்கத்தில் அடைக்க வேண்டாம். ஒரு நாளை, ஒரு மாலையைக் காட்டினால் போதும். ஆண்டும் எண்ணும் சரியாயிருக்கட்டும். அவர் தவறிய இடத்தை மறைக்க வேண்டாம். அவருக்குத் துணை நின்றவர்களையும், அவருக்குப்பின் வாழ்ந்தவர்களையும் மறக்க வேண்டாம். எழுதி முடித்தபின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். ஆள் தெரிகிறாரா? தெரிந்தால் கட்டுரை நன்று.

பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். காந்தியடிகளைப் பற்றிய ஆறு கட்டுரைகளுள் ஒன்றில், ஒன்பது வயதுச் சிறுவன், அவர் சிறு துண்டுப் பென்சிலைக்கூடத் தூக்கி எறியமாட்டார் என்று எழுதி, தன் பெட்டியிலும் அப்படி நான்கு துண்டுகள் இருக்கின்றன என்று சேர்த்திருந்தான். முதன்முறை படித்தபோது நாம் அவ்வரியைக் கவனியாமல் கடந்துவிட்டோம். மறுமுறை படித்தபோது அதற்கே முதற்பரிசு என்று தீர்மானித்தோம். எழுத்துப் பிழைகள் பதினொன்று இருந்தன. இருக்கட்டும், அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்திக்கொள்ளலாம்.